பாகூரிலிருந்து வந்த நீல மூடி டியூப்

"இது உங்க வூட்டு ரத்தம்டி. எங்க பரம்பரைல எவனுக்கும் இது இல்ல!"

கலியமூர்த்தி போட்ட சத்தத்தில், சுகர் டெஸ்டுக்குக் காத்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி அஞ்சலாட்சி தலை நிமிரவில்லை. மகள் பவித்ரா நாற்காலியில் கையை நீட்டியபடி அப்படியே உறைந்துபோனாள். பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்ததால் டெஸ்டுக்கு வந்த பிள்ளை.

கிளப்பிவிட்டது நான்தான். வில்லியனூரில் எங்களுடையது சின்ன லேப். ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் பவித்ராவுக்குக் குறைவு என்று, நாங்கள் சாம்பிள் அனுப்பிய சென்னை லேபிலிருந்து ரிப்போர்ட் வந்திருந்தது. பெரும்பாலும் பரம்பரையாக வரும் கோளாறு. உறுதிப்படுத்த இன்னொரு சாம்பிள் எடுக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். ரத்தம் எடுக்க அவள் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே, சும்மா இருக்கத் தெரியாத என் வாய் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டது: "அம்மா வழியிலயா, அப்பா வழியிலயா? யாருக்காவது இப்படி ரத்தம் நிக்காம போயிருக்கா?"

கலியமூர்த்தி பாகூர்ப் பக்கம் பைக்கில் மீன் விற்பவர். தெருத்தெருவாகக் கூவிய தொண்டை.

"ரிப்போர்ட்டு வந்த அன்னிக்கே இவ அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன் மேடம். நோவு புடிச்ச வூட்டுப் பொண்ண என் தலையில கட்டிட்டியே, வந்து கூட்டிக்கினு போன்னு."

"யோவ், குத்தறது அந்தப் புள்ளைக்கு. நீ இன்னாத்துக்குக் கத்தற?" என்றார் வரிசையிலிருந்த ஒரு பெரியவர். நாலு பேர் சிரித்தார்கள். அஞ்சலாட்சி இன்னும் குனிந்தாள்.

நீல மூடி டியூபைக் கோடு வரை நிரப்பினேன். பேச்சை மாற்ற வேண்டுமே என்று கேட்டேன்: "போன தடவ பாகூர் கிளினிக்ல எடுத்த டியூப்ப நீங்கதான கொண்டாந்தீங்க? வெயில்ல எங்கனா நின்னீங்களா?"

"என்னைய இன்னான்னு நெனச்சுக்கினீங்க? ஒரு பொட்டு சூடு படல. மீன் பொட்டியில ஐஸுக்கு நடுவுல பொதச்சு எடுத்தாந்தேன். வஞ்சரம்கூட அவ்ளோ பத்திரமா வந்திருக்காது."

"ஐஸிலயா? நான் வாங்கறப்ப ஜில்லுன்னு இல்லியே?"

அவர் குரல் இறங்கியது. "உங்க வாசலுக்கு வந்து நல்லா தொடச்சு, ஜோபில போட்டுக்கினு கொஞ்ச நேரம் நின்னேன். மீன் நாத்தம் அடிச்சா மூஞ்ச சுளிப்பீங்களேன்னு."

டியூபை ஸ்டாண்டில் வைத்தேன். இந்த டெஸ்டுக்கு எடுத்த ரத்தத்தை அப்படியே ஐஸில் வைக்கக் கூடாது. மெஷினில் சுற்றி பிளாஸ்மாவைப் பிரித்த பிறகுதான் ஃப்ரீசருக்குப் போக வேண்டும். முன்பே குளிர்ந்துவிட்டால் அந்தப் புரதம் குறைவாகக் காட்டலாம். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. டியூபை வாங்கிய நானும் எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

புது சாம்பிளை உடனே சுற்றி அனுப்பினோம். நார்மல். முதல் டியூப் ஐஸில் வந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்து, அந்தக் கோளாறு இல்லை, பல் எடுத்த புண்தான் ஆறாமல் கசிந்தது என்றார்.

ரிப்போர்ட் வாங்க மூவரும் வந்தார்கள். "அப்பாடா. வா, போலாம்" என்றார் கலியமூர்த்தி. அஞ்சலாட்சி நகரவில்லை.

"எங்க அண்ணனுக்குப் போன் போடு."

"வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்."

"இங்க நின்னுதான எல்லாரும் கேக்கக் கத்தன? இங்கியே போடு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், நானே கூப்புடணும்னு இருந்தேன். நானும் எம் பசங்களும் டெஸ்ட் எடுத்துக்கறோம். எங்களால வந்ததுன்னா மன்னிச்சுக்க மச்சான். பவித்ராவுக்கு ரத்தம் வோணும்னா எங்கிட்ட எடுத்துக்க. தங்கச்சிய மட்டும் ஒண்ணும் சொல்லாத."

கலியமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பவித்ராதான் போனை வாங்கினாள். "எனக்கு ஒண்ணுமில்ல மாமா. அம்மாவுக்கும் ஒண்ணுமில்ல."

அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்னால் திரும்பப் பார்க்க முடியவில்லை.

லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். டியூபைக் கை நீட்டி வாங்கும் முன், அது எப்படி வந்தது என்று கேளுங்கள். குடும்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.