ஒரு கல் குறைந்த சுவர்

போடியில் ஏலக்காய் வியாபாரிகள் குடியேறிய அந்தத் தெருவில் முதலில் எழும்பிய வீடு எங்களுடையது. அதற்கு முன்பு அங்கே புளியந்தோப்புதான் இருந்ததாம். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து கட்டினார்கள். மலையிலிருந்து மாட்டுவண்டியில் இறங்கிய தேக்கில் பதினாறு தூண்கள், நடுவில் திறந்த முற்றம், மாடி ஜன்னலுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. காலை வெயிலில் அந்த நிறங்கள் தரையில் மெல்ல நகர்ந்து போகும். பெரியப்பா மகளான அக்காவும் நானும் அவற்றின் மேல் படுத்து, கை பச்சையாவதையும் சிவப்பாவதையும் பார்த்துக்கொண்டே கிடப்போம். பிறகு எதிரே ஒரு துணிக்கடைக்காரர் குடும்பம் வந்தது. அவர்கள் வேதக்காரர்கள், வாசல் வளைவின் மேல் சுண்ணாம்பில் சிலுவை வைத்துக் கட்டினார்கள். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் எங்கள் முற்றத்தை ஒருமுறை கயிறு பிடித்து அளந்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினார்கள்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது மலைத்தோட்டத்தை வைத்து அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தது. வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிப்பது என்று முடிவாயிற்று. எனக்கு அது துக்கமாகவே படவில்லை. கொத்தனார் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டுச் சுண்ணாம்பு அரைத்த வாசனையில் வீடே திருவிழா மாதிரி இருந்தது. முற்றத்துச் சுவர் பாதி எழும்பியிருந்தபோது ஒருநாள் மழை பெய்தது. நான் இந்தப் பக்கமும் அக்கா அந்தப் பக்கமும் நின்று கைநீட்டி, உனக்கும் பெய்கிறதா என்று கேட்டுக்கொண்டோம். அம்மாவும் பெரியம்மாவும் அதுவரை ஒன்றாகச் சமைத்த அடுப்படியும் இரண்டானது. இனி அந்த வீட்டோடு பேச்சு வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். பெரியப்பாவும் அங்கே அதையேதான் சொல்லியிருப்பார்.

சுவர் முடிந்த பிறகு அப்பா வாய் திறப்பதே அரிதாகிவிட்டது. தூணில் சாய்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று நான் வீடெல்லாம் அலைந்தேன். கிடைத்தது. அடுப்படியில், மாட்டியிருந்த முறத்துக்குப் பின்னால், ஒரு கல் அளவுக்குச் சுவரில் இடைவெளி. கண்ணை வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்துப் புகையும், புகைக்குள் சாய்ந்து இறங்கும் வெயிலும் தெரிந்தன. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன்.

“அப்பா, கொத்தனாரு ஒரு கல்ல வைக்க மறந்துட்டாரு.”

“எங்கன ஆத்தா?” என்றார். பல நாளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் சொல்.

கையைப் பிடித்து இழுத்துப்போய் முறத்தை விலக்கினேன். இடைவெளிக்குள் இப்போது ஒரு கிண்ணம் இருந்தது. வாழையிலைத் துண்டால் மூடிய சுண்டைக்காய்க் குழம்பு, அம்மாவுக்கு மிகவும் பிடித்தது. சூடு ஆறவில்லை.

அப்பா அதை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார். அம்மா எதையும் மறைக்கவில்லை.

“நாந்தான் அந்தக் கல்ல விடச் சொன்னேன். கொத்தனார ஒண்ணும் சொல்லாதீக. அண்ணன் தம்பி நீங்க பிரிஞ்சீக. நாங்க எப்பப் பிரிஞ்சோம்?”

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் கொத்தனார் வந்தார். ஒரு கல், ஒரு கை சுண்ணாம்பு, அவ்வளவுதான் வேலை. அந்தப் பக்கம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த சத்தம் நடுவில் நின்றுபோனது. அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பா என்னைப் பாராட்டவும் இல்லை. எனக்கு அதுதான் மனக்குறை.

அடுத்த வாரத்திலிருந்து அம்மா வெள்ளிக்கிழமைகளில் ஆற்றுக்குத் துவைக்கப் போக ஆரம்பித்தாள். எங்கள் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும். அம்மா தெருமுனை திரும்பியதும் பக்கத்து வாசல் திறக்கும். பெரியம்மாவும் ஒரு மூட்டையோடு இறங்குவாள். உச்சி வெயிலில்தான் இருவரும் திரும்புவார்கள், ஒருத்தி முன்னும் ஒருத்தி பின்னுமாக.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா மூட்டை கட்டும்போது பார்த்தேன். அத்தனையும் முந்தின நாள் துவைத்துக் காயப்போட்டு, நானே மடித்துவைத்த சேலைகள். நானும் வருகிறேன் என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீ வேணாம் ஆத்தா. வீட்டுல இரு” என்று சொல்லி, அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

ஆற்றில் மீன் பார்க்க முடியாமல் போயிற்றே என்று அன்று முழுக்க அழுதேன்.