உண்ணி மருந்தும் பேசாத வீடும்

தெருவில் அவளுக்கு ரேடியோக்கா என்று பெயர். பால் ஊற்றப் போகிற வீட்டிலெல்லாம் ஊர்க்கதையையும் சேர்த்து ஊற்றிவிட்டு வருவாள். புருஷனோடு சண்டை வந்தால் மட்டும் வாயைப் பூட்டிக்கொள்வாள். அப்போதும் சொல்ல வேண்டியதைப் பசுவிடம் சொல்வாள். "சாப்பாடு ஆறுதுன்னு சொல்லுடி உங்க ஐயாகிட்ட." அவரும் பசுவிடமே பதில் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார். வாயில்லா ஜீவனுக்கு இப்படி ஒரு உத்தியோகம்!

இந்தத் தடவை அவளைக் கேட்காமலே கன்றை விற்றுவிட்டார். கன்றைத் தேடிக் கத்துகிற பசுவிடம் போய்த் தூது சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வீடே ஊமையாகிவிட்டது.

மத்தியானம் தொழுவத்துக்குப் போனால் பசு விழுந்து கிடந்தது. வாயில் எச்சில் கயிறு கயிறாகத் தொங்க, தோல் துடிக்க, மூச்சுக்குத் திணறியது. கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். சோறு போடுகிற ஜீவன் அது, போனால் எல்லாம் போச்சு.

ஓடி வந்த டாக்டரம்மா பசுவின் இமையை விலக்கினார். கண்மணி சுருங்கிப்போயிருந்தது.

"உண்ணி மருந்து போட்டீங்களா?" கேட்டபடியே ஊசியை ஏற்றினார்.

"காலையில போட்டேன். டப்பாவில போட்டிருக்கிற அளவுதான், தண்ணி கலந்துதான். சத்தியமா டாக்டர்!"

"அந்த அளவுக்கு இப்படி ஆகாதே. வேற யாராவது போட்டாங்களா? எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த ஊசி."

வேறு யார் இருக்கிறார்கள்? சுவரில் சாய்ந்து தலை குனிந்து நின்றவரிடம் வீம்பை விட்டு நேராகக் கேட்டாள்.

"ஏங்க, நீங்களும் போட்டீங்களா?"

"நீ போட்டது தெரியாதே... தண்ணி கலக்காம, துணியில நனைச்சு உடம்பு பூரா தேய்ச்சேன்." நாக்கு குழறியது. பயத்தில் குழறுகிறார் என்று அவள் நினைத்தாள்.

டாக்டரம்மா கையுறையை அவளிடம் நீட்டினார். "போட்டுக்கிட்டு சோப்புத் தண்ணியால கழுவுங்க. தோல் வழியாவே உள்ள போற விஷம் இது."

ஒரு கையில் உறையை மாட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். எத்தனையோ நாளாகப் பார்க்காத முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது.

"டாக்டர், இவரைப் பாருங்க!"

"ஐயோ, சட்டையைக் கழட்டுங்க! ஆம்புலன்ஸுக்குப் போன் போடறேன்!"

வாளித் தண்ணீரை அவர்மேல் கொட்டி, உறை போட்ட கையால் சோப்புத் தேய்த்தாள்.

"பேசுங்க. திட்டவாவது செய்யுங்க. ஏதாவது பேசுங்க!"

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.