ஆணியும் தேயிலைச் சாயமும்

நான் பொய்க் கறுப்புப் பூசியவன். வெள்ளி இல்லாத சட்டியில் வெள்ளி இருக்கிறதென்று சொன்னவன். படித்தவன் செய்த களவு இது. அறியாமை என்று நீங்கள் இரங்க வேண்டாம்!

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்த சனங்கள் அச்சுவேலியில், நான் இரசாயனம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்தார்கள். அரசின் பொருளாதாரத் தடையால் குளோரின் இல்லை. விறகுக்குத் தட்டுப்பாடு. கிணறோ ஒன்று.

களிமண்ணில் உமி குழைத்துச் சட்டி வனைவித்துச் சுட்டேன். உமி எரிந்த இடமெல்லாம் நுண்துளை. உமிச் சாம்பலின் சிலிக்கா மண்ணோடு இறுகிவிடும். தண்ணீர் கசிந்து கீழ்ப்பானையில் சொட்டும். சட்டி அழுக்கை வடிக்கும், கிருமியைக் கொல்லாது. கொல்வதற்குப் பள்ளி ஆய்வுகூடத்தில் இருந்த வெள்ளி நைத்திரேற்றுப் பூசினேன். வெயிலில் அது கறுக்கும். "கறுத்த சட்டிதான் நல்ல சட்டி" என்று நானே எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்...

வெள்ளி முடிந்தது. கறுக்காத சட்டியைச் சனம் தொடவில்லை. முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? இருந்தது! ஆனால், "மாஸ்ரர் இல்லாட்டி நாங்கள் செத்திருப்பம்" என்ற பேச்சு இனித்துவிட்டது. துருப்பிடித்த ஆணிகளைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தேன். மை போலக் கறுத்தது. பூசினேன்.

இரண்டு பிள்ளைகளின் தாய் சரசு, சட்டியை வாங்கும்போது கேட்டாள்: "இனித் தண்ணி கொதிக்க வைக்கத் தேவையில்லையோ மாஸ்ரர்?"

"ஓம் பிள்ளை, தேவையில்லை."

பத்து நாளில் அவளுடைய இளையவன் வயிற்றோட்டத்தில் செத்தான். மூன்று வயது!

எல்லோரும் பொருளாதாரத் தடையைத் திட்டினார்கள். நானும் திட்டினேன், எல்லோரையும்விட உரத்து. மருந்தை மறித்தவன் பாவிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஆணியை ஊறவை என்று எந்தத் தடை எனக்குக் கட்டளையிட்டது? தூ!

அடுத்த கிழமை சரசு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"சட்டியிலை பிழையில்லை மாஸ்ரர். நான் பாராத நேரம் கிணத்துத் தண்ணியைக் குடிச்சிருப்பான். பிழை என்ரைதான். இனி மூத்தவளுக்கு உங்கடை சட்டித் தண்ணியைத் தவிர வேறை ஒண்டும் குடுக்க மாட்டன்."

கொதிக்க வைத்துக் கொடு... இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. அதைக்கூட விழுங்கினேன்! சொன்னால் ஏன் என்று கேட்பாளே?

தலையாட்டினேன்.