எண் எழுதிய முட்டை

"போடி போ! உன் வீட்டையா தூக்கிட்டுப் போறேன்? பாத்துட்டு அங்கேயே வச்சிடறேன்டி!"

தலைக்கு மேல் பறந்து பறந்து கத்தும் கடற்காகத்தை இப்படித் திட்டிக்கொண்டேதான் டோர்டிஸ் கூட்டருகே குனிவாள். சைக்கிள் ஹெல்மெட்டின் உச்சியில் ஒரு குச்சியைச் செருகிக் கட்டியிருப்பாள். எது உயரமாக இருக்கிறதோ அதைத்தான் இந்தப் பறவை கொத்தும். குச்சியைக் கொத்திவிட்டுத் தொலையட்டும் என்று இந்த ஏற்பாடு. மழைக்கோட்டின் முதுகு முழுக்க எச்சம். துடைக்கவே மாட்டாள். "துடைச்சா புதுசா போடுவாளுக, எனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள்.

கூட்டிலிருந்து முட்டையை எடுத்து, குவளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு அதன் மழுங்கிய முனையில் கறுப்பு மார்க்கரால் கூட்டின் எண்ணை எழுதித் திரும்ப வைப்பாள். அதற்குள் பறவை நான்கு முறை குச்சியைக் கொத்தியிருக்கும். இவள் ஐந்து முறை திட்டியிருப்பாள்.

ஸ்கார்விக் ஊரில் பிறந்தவள். தெற்கே போய்ப் படித்து, பறவைகளில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவள். துருவக் கடலோரத்தில் கடற்காகம் ஏன் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். கோபப்படுவது அதற்கு மேல் அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை. தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் படகிலிருந்து இறங்கி, "ஆஹா, என்ன அழகு!" என்றால் போயிற்று. "அழகைப் பாக்கணும்னா காலண்டர் வாங்கிக்கோ. இங்க காலைப் பாத்து வை, மிதிக்கப் போறே" என்று எரிந்து விழுவாள். கடையில் காபி ஆறியிருந்தால் சண்டை. வானிலை அறிக்கை பொய்த்தால் வானொலிப் பெட்டியோடு சண்டை. ஊரார் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவள் சத்தம் போடாமல் போனால்தான், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

கடற்காகங்கள் கூடு வைக்கும் அந்தச் சின்னத் தீவு விஷயத்தில் மட்டும் ஊரோடு அவளுக்கு ஓர் உடன்படிக்கை உண்டு. வசந்தத்தில் கடற்காக முட்டையை அவித்து, பீரோடு தின்னாவிட்டால் இந்தக் கரைக்காரர்களுக்கு வசந்தம் வந்ததாகவே கணக்கில்லை. சட்டமும் ஓரளவுக்கு விட்டிருக்கிறது. அதனால் தீவின் நடுவே கற்களுக்குச் சிவப்புச் சாயம் அடித்து எல்லை போட்டாள். கடலைப் பார்த்த பக்கம் ஊரின் அடுப்புக்கு, கரையைப் பார்த்த பக்கம் அவள் ஆராய்ச்சிக்கு. "சிவப்புக் கல்லைத் தாண்டினவன் கையை முறிச்சிடுவேன்" என்றாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். அவள் தம்பி ஓஸ்முண்டும்தான்.

இந்த வருஷம் அவள் பக்கமிருந்த முட்டைகள் காணாமல் போக ஆரம்பித்தன. காக்கை தின்றிருந்தால் ஓடு சிதறிக் கிடக்கும். மிங்க் என்கிற அந்தத் திருட்டுக் கீரி வந்திருந்தால் கடித்த தடம் இருக்கும். ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த மாதிரி கூடு காலி. டோர்டிஸுக்குத் தூக்கம் போயிற்று. மழையில் பாறை பாறையாகத் தவழ்ந்து தேடினாள். பொறி வைத்தாள். பொறியையும் திட்டினாள்.

ஊர்க்கூட்டத்தில் ஓஸ்முண்ட்தான் மேசையைத் தட்டி எழுந்தான். செங்குத்துப் பாறையில் ஒற்றைக் குஞ்சோடு கூடு வைத்திருக்கும் வெள்ளைவால் கழுகு ஜோடியின் வேலைதான் இது என்றான்.

"கழுகு முட்டையைத் தூக்கிட்டுப் போய் என்ன, ஆம்லெட்டா போடப் போகுது?" என்று டோர்டிஸ் நக்கலாகக் கேட்டாள்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்க்கா. வலை போடப் போறப்பல்லாம் தீவுல உன் பங்குலதான் உக்காந்திருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் குறுக்கு விசாரணை செய்து குடைந்து எடுத்திருப்பாள். சொன்னது கூடப் பிறந்தவன். அவளும் தேடித் தேடி அலுத்து, யார் மேலாவது பாய்ந்தால் போதும் என்ற எரிச்சலில் இருந்தாள். கழுகாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்ததை வைத்து, அந்த ஜோடியைச் சுட அனுமதி வந்துவிட்டது. பெந்தெகொஸ்தே திருநாள் விடுமுறை முடிந்ததும், செவ்வாய்க்கிழமை, வேட்டைக்காரர்கள் பாறைக்குப் போவதாக ஏற்பாடு.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று தம்பி வீட்டில் விருந்து. வெண்ணெய் தடவிய மெல்லிய ரொட்டி, உருளைக்கிழங்கு, குளிர்ந்த பீர், நடுவே ஒரு பெரிய கிண்ணம் நிறைய ஓட்டோடு அவித்த கடற்காக முட்டை.

"ஏதுடா இவ்வளவு?"

"தெற்கு ஃபியோர்டுக் கரையில இருக்கிற ஒரு கூட்டாளி குடுத்தான். நீ சாப்பிடு முதல்ல, விசாரணையெல்லாம் அப்புறம்" என்று சிரித்தான் ஓஸ்முண்ட்.

டோர்டிஸ் ஒன்றை எடுத்தாள். உடைப்பதற்காக மழுங்கிய முனையைத் திருப்பினாள். பாசி நிற ஓட்டின் கரும்புள்ளிகளுக்கு நடுவே, பாதி அழிந்து, ஓர் எண் இருந்தது. அவள் கையெழுத்து. ஏழின் நடுவே குறுக்குக் கோடு போடுவது அவள் வழக்கம். அந்தக் கோடுகூட அப்படியே இருந்தது.

கிண்ணத்தை இழுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மற்ற எல்லாவற்றின் முனையும் கம்பி நாரால் தேய்த்து வெளிறிப் போயிருந்தது. இந்த ஒன்று அவன் கைக்குத் தப்பிவிட்டது.

"அண்ணி, ஆறிடப் போகுது..." என்ற தம்பி மனைவி யோருன், கணவன் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் கூட்டாளி பேரு என்னடா? டோர்டிஸா?"

ஓஸ்முண்ட் தட்டைத் தள்ளி வைத்தான். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "இப்ப என்ன? மார்க்கர்ல எழுதிட்டா உன் முட்டை ஆயிடுமா? கடற்காகம் என்ன, உன் ஆபீஸ்ல சம்பளமா வாங்குது? ஊருக்கு விட்ட பக்கத்துல ஒண்ணுமே இல்லக்கா! எத்தனை தடவை படகை எடுத்துட்டுப் போனேன் தெரியுமா? எல்லாக் கூடும் காலி. பண்டிகைக்கு முட்டை இல்லாம மனுஷன் எப்படி இருக்கிறது?"

"காலின்னா காலின்னு வந்து சொல்ல வாயில்லையா உனக்கு? அதைத் தெரிஞ்சுக்கத்தானடா நான் வருஷக்கணக்கா அந்தப் பாறையில கிடந்து சாகறேன்! அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லைங்கிறதை என்கிட்ட மறைச்சிட்டு, இந்தப் பக்கத்தையும் திருடித் தின்னு, எனக்கே பரிமாறவும் செய்யறியா? எவ்வளவு திமிர் இருக்கணும்!"

"கூப்பிடாம இருந்தா சந்தேகப்படுவியேன்னுதான்..." என்றான்.

அதைக் கேட்டதும் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. முட்டை போனால்கூடப் பரவாயில்லை. மேசையைத் தட்டித் தட்டி அவன் சொன்ன பொய்தான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்தப் பொய்யை நம்பி இவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். நாளை மறுநாள் அந்தக் கழுகுகள் சாகும், குஞ்சு பாறையிலேயே பட்டினியில் சாகும். அவன்மேல் வந்த கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியது. அது இன்னும் மோசமாகச் சுட்டது.

கைபேசியை எடுத்தாள்.

"யாருக்குக்கா?"

டோர்டிஸ் எண்ணை அழுத்தினாள். அனுமதி கொடுத்த அதிகாரி எய்லிஃப், விடுமுறை நாளில் யார் தொந்தரவு செய்வது என்ற குரலில் எடுத்தார். டோர்டிஸ் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"டோர்டிஸ் பேசறேன். கழுகைச் சுடறதை நிறுத்துங்க. நான் எழுதிக் குடுத்தது தப்பு. முட்டையை எடுத்தது கழுகு இல்ல."

"என்னம்மா இது, ஆளுங்க எல்லாம் தயாரா இருக்காங்க. நீங்கதானே கழுகுன்னு எழுதினீங்க? கழுகு இல்லைன்னா வேற எது? காரணம் இல்லாம நான் எப்படி நிறுத்தறது?"

ஓஸ்முண்ட் இரண்டு கைகளையும் கூப்பாத குறையாக நீட்டி, வாயசைவில் கெஞ்சினான். "வேணாம்க்கா. ஊர்ல தலை காட்ட முடியாது. நீயே ஏதாவது சொல்லிடு. கீரின்னு சொல்லு. அக்கா, ப்ளீஸ்க்கா."

கீரி என்று சொன்னால் கழுகு பிழைத்துவிடும், தம்பியும் பிழைத்துவிடுவான். அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள்.

"எய்லிஃப், கண்ணால பாத்த சாட்சி பக்கத்துலயே இருக்கான். அவனே சொல்லுவான்" என்றாள்.

முழங்கையால் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, கைபேசியைத் தம்பியின் வாய்க்கு நேரே நீட்டினாள். "ஹலோ? யாருங்க அது?" என்று எய்லிஃப் கேட்டார். ஓஸ்முண்ட் யோருனைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். மறுபடியும் "ஹலோ?" என்று கேட்டது. டோர்டிஸ் நீட்டிய கையை மடக்கவில்லை.