கைப்பிடி இல்லாத நாற்காலி

போலியோவில் என் கால்கள் இரண்டும் போனதிலிருந்து அப்பாவின் கைகள் என் சக்கர நாற்காலியின் பின்னால்தான் இருந்தன. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கோயில், எங்கே போனாலும் அவர்தான் தள்ளுவார். ஆவடி குவார்ட்டர்ஸில் அவரைத் தனியாகப் பார்த்தவர்கள் குறைவு.

எனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும். பூந்தமல்லியில் டயர் கடை வைத்திருந்த பாய் ஒருவர், அவரும் நடக்க முடியாதவர்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் டென்னிஸ் மைதானத்துக்கு வேனில் வந்து இறங்கினார். கூடவே, சக்கரங்கள் சாய்ந்து அகல விரிந்து நிற்கும் இரண்டு நாற்காலிகள். நாற்காலியைத் தாங்களே ஓட்டுகிற பிள்ளைகளை மட்டும் வாராவாரம் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு அன்றைக்கே சேர்ந்துவிட வேண்டும். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

அப்பா என்னைத் தூக்கி அதில் உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போலப் பின்னால் கையை நீட்டினார். கைப்பிடி இல்லை. நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வேனிலேயே மறந்து வைத்துவிட்டீர்களா என்று பாயிடம் கேட்கவும் கேட்டார்.

பாய் என் கையில் ஒரு மட்டையைக் கொடுத்துவிட்டு, இன்னொரு நாற்காலியில் வலைக்கு அந்தப் பக்கம் போனார். ஆட்டம் தொடங்கியதும் அப்பா, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல என் பின்னாலேயே ஓடினார். பந்து என் பக்கம் விழுந்ததுதான் தாமதம், நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு தள்ளு. நான் பந்தைத் தாண்டிப் போய்க் கம்பிவேலியில் முட்டி நின்றேன். வேடிக்கை பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"அண்ணாத்தே, எங்க ஆட்டத்துல பந்து ரெண்டு தபா குதிக்கலாம். டைம் கீது. பாப்பாவே போவும்" என்றார் பாய்.

நான் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: "நீ வெளிய போப்பா."

அப்பா போய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். அடுத்த பந்து வந்தது. ஒருமுறை குதித்தது. உள்ளங்கை எரிய எரியச் சக்கரத்தைத் தள்ளினேன். இரண்டாவது முறை குதித்து எழுந்தபோது என் மட்டை அதைத் தொட்டுவிட்டது. பந்து வலையைத் தாண்டி விழுந்தது. அடுத்த வாரமும் வரச் சொல்லி, பழகுவதற்கு அந்த மட்டையையும் கொடுத்தனுப்பினார் பாய். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பா வேலிக்கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பழைய நாற்காலிதான், கைப்பிடி வைத்தது. ஆனாலும் நானே ஓட்டினேன். அப்பா பக்கத்தில் நடந்தார். கைகளைப் பையில் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டினார், மறுபடி எடுத்தார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் என் மடியைப் பார்த்தார்.

"அந்த மட்டையையாச்சும் குடும்மா. நா எட்துகினு வரேன்."

அவ்வளவு லேசான மட்டையை எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கனமெல்லாம் இல்லைப்பா என்று சொல்லிவிட்டு, இன்னும் வேகமாக ஓட்டினேன்.