கிளி நடத்திய பொருளாதாரப் பாடம்

அவளுக்குக் கிளி என்று பட்டப்பெயர் வைத்தது அவள் அண்ணன். வீட்டுக்கு யார் வந்து போனாலும், அவர்கள் படியிறங்குவதற்குள் அவர்களைப் போலவே பேசிக் காட்டிவிடுவாள். பெரியம்மாவின் இழுவை, வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரின் கனைப்பு, எதிர்வீட்டு மாமாவின் தும்மல், எதுவும் தப்பாது. ஒருமுறை போனில் அம்மா குரலில் பேசி, பஸ் ஓட்டும் அப்பாவைப் பாதி வேலையில் வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்று அன்றைக்கு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

கல்லூரியில் பொருளாதாரம் எடுத்தாள். ஆசைப்பட்டு இல்லை, அதில்தான் இடம் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் பேராசிரியர் வரத் தாமதமானது. கிளி எழுந்துபோய்க் கரும்பலகைக்கு முன்னால் நின்று அவரைப் போலவே பாடம் நடத்தினாள். வரிக்கு வரி மூக்கை உறிஞ்சினாள். "புரியுதா? புரியாது" என்று அவரைப் போலவே தானே கேட்டுத் தானே பதில் சொன்னாள். வகுப்பு வயிறு வலிக்கச் சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் முதல் வரிசையிலிருந்து வக்கீல் கூப்பிட்டாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுக்குப் பார்வை கிடையாது. போனில் இருக்கும் இயந்திரக் குரல் புத்தகத்தை வாசிக்க, அதைக் கேட்டுத்தான் படிப்பாள்.

"இந்தப் பாடத்த எனக்குப் பேசி ரெக்கார்டு பண்ணித் தர்றியா, கிளி? போன் படிக்கிறதக் கேட்டா தூக்கம் தூக்கமா வருது."

கிளி அன்று மாலையே பதிவு செய்து அனுப்பினாள். செய்தி வாசிப்பவர் போல அத்தனை சுத்தம்.

மறுநாள் வக்கீல் சொன்னாள்: "போனே தேவலாம்."

"ஏன்டி, ஒழுங்காத்தானே படிச்சேன்?"

"அதான் பிரச்சினை. நேத்து நீ அவர மாதிரி பேசினப்பதான் எனக்குப் பாடமே மண்டையில ஏறுச்சு. அப்படிப் பண்ணு."

எதிரொலி இல்லாமலிருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிளி மறுபடி ஆரம்பித்தாள். இப்போது பேராசிரியர் விளக்கம் சொன்னார். நடுவே வாங்குபவராக அம்மா வந்து பேரம் பேசினார். விற்பவராக வந்த பெரியம்மா இழுத்து இழுத்து விலை சொன்னார். தன் குரல் அலமாரியிலிருந்து வருவதைக் கேட்டு உண்மையான அம்மா அறைக்கு ஓடிவந்தார்.

"உள்ள யாரோட சண்ட போடுற?"

"உன்னோடதாம்மா."

அந்தப் பதிவு வக்கீலிடமிருந்து பக்கத்து பெஞ்சுக்குப் போய், தேர்வு நெருங்க நெருங்கத் துறை முழுக்கச் சுற்றியது. கடைசியில் பேராசிரியரின் போனுக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஆசிரியர் அறைக்கு வரச் சொல்லி ஆளனுப்பினார். வக்கீலும் கூடவே வந்தாள், வாதாடுவதற்கு.

மற்ற ஆசிரியர்கள் எல்லாம் இருக்கும்போதே அவர் பதிவை ஓடவிட்டார். முதல் உறிஞ்சலிலேயே இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள்.

"இது நானா?" என்றார்.

கிளி தலையாட்டினாள்.

"உப்பு வில ஏறவே ஏறாதுன்னு நான் சொல்றதா வருது. நான் எப்ப அப்படிச் சொன்னேன்? வில ஏறும். ஏறினாலும் ஜனங்க வாங்குறத அவ்வளவா குறைக்க மாட்டாங்க. தேவை நெகிழ்ச்சி குறைவுன்னா அதுதான். என் குரல்ல தப்பா சொல்லாதம்மா. மாத்திப் பேசி அனுப்பு."

"உறிஞ்சலையும் எடுத்துடணுமா சார்?" என்று வக்கீல் கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்து, "பாதிய எடுத்துடு" என்றார்.

அதன்பிறகு குரல் கிளியுடையது, கத்தரி வக்கீலுடையது. எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, எங்கே பாடம் சலிக்கிறது என்று அவள் காது கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சண்டை. பேசிப் பேசியே கிளிக்குப் பொருளாதாரமும் படிந்துவிட்டது. இருவரும் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தார்கள்.

இப்போது சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் இருவரும் பாடங்களை ஒலிப்பதிவு செய்து பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுக்கிறார்கள். போன வாரம் உடலியல் பாடம் வந்தது. இதயத்துக்குப் படபடப்பான குரல் என்று உடனே முடிவாகிவிட்டது. கல்லீரலில்தான் சிக்கல்.

"அலுத்துப்போன குரலா பேசு. அத்தன வேலையும் அதுதான செய்யுது" என்றாள் வக்கீல்.

கிளி பேசிக் காட்டினாள். வக்கீல் சிரித்த சிரிப்பும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அதை வெட்டலாமா, விடலாமா என்று இன்னும் சண்டை முடியவில்லை.