கோழி இறகும் கெண்டை மீனும்

நான் வேலை பார்க்கும் ஸ்காட்லாந்து ஊரில், சனிக்கிழமை ஆனால் பெரிய மனிதர்கள் நெஞ்சு வரை ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறார்கள். காலை முழுக்கக் குளிரில் விறைத்து நின்று ஒரு மீனைப் பிடிக்கிறார்கள். பிடித்த மீனை மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு தின்கிறார்கள். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

என்னோடு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் டக்ளஸ்தான் என்னை இதில் இழுத்துவிட்டான். 'ஃப்ளை ஃபிஷிங்' என்று பெயர். நம்மூரில் தூண்டில் என்றால் ஒரு மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, கொக்கி, மண்புழு. கரையில் உட்கார்ந்தால் மற்றதை மீன் பார்த்துக்கொள்ளும். இங்கே புழு கூடாதாம், கேவலமாம். கோழி இறகைக் கொக்கியில் நூலால் கட்டி, ஈயைப்போலத் தண்ணீரில் இறங்கவிட்டு மீனை ஏமாற்ற வேண்டுமாம். இறகுக்கு ஏது கனம்? அதனால் கனத்த கயிற்றை வீச வேண்டும். அது முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. முதல் மாதம் நான் பிடித்ததெல்லாம் பின்னாலிருந்த புதரையும் என் தொப்பியையும்தான்.

ஒருவழியாக ஒரு டிரவுட் மீன் மாட்டியது. "பை இருக்கிறதா?" என்று கேட்டேன். "எதற்கு?" என்றான். "குழம்புக்கு" என்றேன். வீட்டு நாயை அறுக்கக் கேட்டதுபோலப் பார்த்தான். பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பது அவர்களின் மீன்பிடி கிளப்பின் சட்டமாம். கையை நனைத்து, மீனின் அடிவயிற்றைத் தாங்கி, கொக்கியை எடுத்து, நீரோட்டத்துக்கு எதிராக முகத்தைக் காட்டி, அது மூச்சு வாங்கியதும் விட்டான். "மீன்மேல் எங்களுக்கு மரியாதை உண்டு" என்று வேறு சொன்னான். வாயைக் கிழித்துவிட்டு என்ன மரியாதை? பாபநாசத்தில் கோயில் படித்துறை மீன்களுக்கு நாம் பொரி போடுகிறோம், தொடுவதில்லை. ஊர்ப்பக்கம் பிடித்தால் ஒழுங்காகத் தின்கிறோம். தின்னவும் மாட்டேன், சும்மா விடவும் மாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்? இவ்வளவையும் என் ஆங்கிலத்தில் கொட்டினேன். நான் நெகிழ்ந்துபோய்விட்டதாக நினைத்து, "முதல் மீன் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று அவன் முதுகில் தட்டினான்.

ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. சனிக்கிழமைகளில் என்னைக் கூப்பிட அந்த ஊரில் வேறு ஆளில்லை.

சீவலப்பேரியில் இருக்கும் அக்காவை எஸ்.டி.டி. பூத்துக்கு வரச்சொல்லி இதைச் சொன்னபோது, விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆத்தங்கரையில பொறந்தவனுக்கு வெள்ளக்காரன் மீனு பிடிக்கச் சொல்லிக் குடுக்கானாக்கும்! நீ இனி இந்த ஊருக்காரன் இல்லலே." விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த லீவில் அதே தூண்டிலோடு வந்து, என் கையால் பிடித்த மீனை உன் சட்டியில் போடுகிறேன் பார் என்று சவால் விட்டேன்.

வந்தேன். அக்கா காலையிலேயே தேங்காயும் மல்லியும் அரைத்து, புளி கரைத்து, மாங்காய் நறுக்கி வைத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர், என் அத்தான், வேடிக்கை பார்க்க ஆற்றுக்கு வந்தார். "கோழிய நாம திங்கோம், ரெக்கைய மீனுக்குப் போடுதீராக்கும் வே?" என்று கேட்டார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வீசினேன். வெயில் ஏறிய பிறகு நல்ல கெண்டை ஒன்று இறகைக் கவ்வியது. சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. "பரவால்லையே மாப்ள!" என்றார் அத்தான். இழுத்துக் கைக்குக் கொண்டுவந்தேன். கையை நனைத்தேன். அடிவயிற்றைத் தாங்கிக் கொக்கியை எடுத்தேன். ஓட்டத்துக்கு எதிராக முகத்தைக் காட்டி, அது மூச்சு வாங்கியதும் விட்டேன்.

"ஏ, என்ன வே செய்யுதீரு!"

அத்தான் அலறிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. கெண்டை போய்விட்டிருந்தது. டக்ளஸ்மேல் கோபம் வந்தது, அத்தான்மேல் வந்தது, என் கைமேல்தான் அதிகமாக வந்தது. சம்பளத்துக்கு உழைப்பைக் கொடுத்தேன், சரி. கையையும் சேர்த்தா எழுதிக் கொடுத்தேன்? உச்சிவெயில் தாண்டும்வரை வீசினேன். வேறொன்றும் கடிக்கவில்லை.

"எங்கலே மீனு?" என்றாள் அக்கா.

"ஒந் தம்பி பிடிச்சாரு. பொறவு ஆத்துலயே விட்டுட்டாரு" என்றார் அத்தான்.

அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. "விட்டுட்டியா? எதுக்குலே?"

"பழக்கம்க்கா."

"எந்த ஊருப் பழக்கம்?"

அரைத்த மசாலாவைக் கொட்டுகிறவள் அல்ல அவள். மாங்காயை மட்டும் போட்டு அந்தக் குழம்பைக் கொதிக்கவைத்து, சோற்றின்மேல் ஊற்றித் தட்டை என் முன்னால் நகர்த்தினாள். "தின்னு."

மணம், புளிப்பு, காரம் எல்லாம் அங்கே நான் ஏங்கிக் கிடந்த அதே மீன்குழம்பு. தலையைக் குனிந்து பிசைந்தேன். உள்ளே மீன் இல்லை என்று தெரிந்தும், முள் தட்டுப்படுகிறதா என்று என் விரல்கள் ஒவ்வொரு கவளத்தையும் துழாவிக்கொண்டே இருந்தன.